சங்கவிக்கு முத்துப் போட்டிருந்த நாட்கள்

மே 29, திங்கள்

குழந்தை வந்த நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று பியூலா மேடம் சொல்லியிருக்கிறார். குழந்தைகள் இல்லத்தின் சமூகப் பணியாளர் அவர். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூங்கினாள், எதற்கு அழுதாள் என்று எல்லாம் எழுத வேண்டுமாம். அவ்வப்போது வந்து பார்ப்பாராம். எனக்கு இது பெரிய காரியமில்லை. பதினான்கு வருடமாகப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். எந்தக் குடுவை எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த அமிலம் எத்தனை மில்லி மிச்சம் என்று எழுதி எழுதியே என் கையெழுத்து அழகாகிவிட்டது.

பெயர் சங்கவி. வயது நாலரை. இரண்டு இட்லி, பால் அரை டம்ளர். அழவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் டாக்டர்களிடம் அலைந்தது ஏழு வருடம். அதன்பிறகு தத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தது நான்கு வருடம். இனி கலெக்டர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை இவள் எங்கள் பொறுப்பில் இருக்கும் பிள்ளை, அதற்குப் பிறகுதான் எங்கள் பிள்ளை. பியூலா மேடம் இதை மூன்று முறை சொன்னார். நான் ஒரு முறையிலேயே புரிந்துகொள்கிற ஆள்.

மே 30, செவ்வாய்

குளிப்பாட்டும்போது பார்த்தேன். வலது அக்குளுக்குக் கீழே கடுகளவில் நாலு பரு. வியர்க்குருவாக இருக்கும். கோவில்பட்டி வெயிலுக்கு எனக்கே இருக்கிறது. பவுடர் போட்டுவிட்டேன்.

இவர் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். கணக்குப் பிள்ளைக்கு அங்கே தலைக்கு மேல் வேலை, ஆனாலும் வந்துவிட்டார். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய் எல்லோரிடமும் "என் மக, என் மக" என்று காட்டிவிட்டு வந்தார். ஊரெல்லாம் தண்டோரா போட்டாகிவிட்டது. இனி ஒவ்வொருத்தராக வந்து மூக்கையும் முழியையும் பார்த்து ஆராய்ச்சி பண்ணுவார்கள்.

ஜூன் 3, சனி

வந்தார்கள். "நிறம் பரவால்ல." "பல்லு வரிச இவங்க வீட்டுச் சாடைதான்." "எந்த ஊராம்? யாரு என்னன்னு விசாரிச்சீங்களா?" கடைசிக் கேள்வியை ஏழு பேர் கேட்டார்கள். காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். குழந்தை எல்லோருக்கும் வணக்கம் வைத்தாள். இல்லத்தில் பழக்கியிருக்கிறார்கள்.

ஜூன் 6, செவ்வாய்

அது வியர்க்குரு இல்லை. ஒன்பது ஆகிவிட்டது. தோல் நிறத்தில், உருண்டையாக, பளபளவென்று இருக்கிறது. மாடி வீட்டில் இருக்கும் என் நாத்தனார் ஜெயக்கொடி மதினி கீழே வந்தவர், குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ வல்லி, முத்துல்லா போட்டிருக்கு! ஆத்தா வந்திருக்கா. என் தம்பி வீட்டுக்குப் பிள்ளையும் வந்து, பின்னாலேயே ஆத்தாளும் வந்துட்டா பாரு."

வாசலில் வேப்பிலை சொருகியாகிவிட்டது. வீட்டில் தாளிப்பு கிடையாது, கறி கிடையாது, விருந்தாளி கிடையாது. வேஷ்டியை விரித்து, வேப்பிலை பரப்பி, குழந்தையை நடுவில் உட்கார வைத்தோம். மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டு, குழந்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

ஜூன் 9, வெள்ளி

இளநீர், பழையது, நுங்கு. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. விளையாட்டாக வேப்பங்கொத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். மதினி காலையும் மாலையும் வந்து முன்னால் உட்கார்ந்து, "தாயே, குளுந்து இறங்கு. என் மகனுக்கு ஒரு நல்ல இடத்தக் காட்டு" என்று வேண்டிக்கொள்கிறார். குழந்தை அவர் தலையில் கை வைத்து "சரி" என்கிறாள். மதினிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். நான் உள்ளே போய்ச் சிரித்தேன்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடம்பெல்லாம் பூசுகிறோம்.

ஜூன் 12, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வீட்டில் அம்மை என்றதும் தலைமையாசிரியர் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதல் தண்ணீர் ஊற்றினோம்.

இவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. "அம்மா, நான் ஆத்தா" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மா என்று அவள் என்னைக் கூப்பிட்டது இன்றுதான் முதல் தடவை. பியூலா மேடத்துக்காகக் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 25, ஞாயிறு

மூன்றாம் தண்ணீரும் ஊற்றி ஒரு வாரம் ஆகப்போகிறது. ஒன்றுகூட உதிரவில்லை. எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு. கழுத்து, வயிறு, தொடை என்று எங்கெல்லாம் பூசினோமோ அங்கெல்லாம் வந்திருக்கிறது. மதினி முகம் வாடிப்போய், "ஆத்தா ஏன் இறங்க மாட்டேங்கா? நம்மகிட்ட என்ன குறை?" என்று என்னையே கேட்கிறார். எனக்கென்ன தெரியும்?

ஜூன் 27, செவ்வாய்

தோல் டாக்டரிடம் போனோம். இளம்வயதுப் பெண். பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

"இது அம்மை இல்லம்மா. நடுவுல சின்னக் குழி இருக்கு பாருங்க. இது ஒரு வைரஸ். பிள்ளைங்களுக்குச் சாதாரணமா வர்றதுதான். ஆபத்தே கிடையாது. மருந்துகூட வேண்டாம். ஆறு மாசமோ ஒரு வருஷமோ, சிலருக்கு அதுக்கு மேலயும், அதுவா வரும், அதுவா போயிரும்."

"ஒட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"தொட்டா ஒட்டும், கொஞ்சம். துண்டத் தனியா வைங்க. சொறிய விடாதீங்க. நகத்த வெட்டுங்க. சட்ட மூடுற மாதிரி போட்டுவிடுங்க. எதையாவது அரைச்சுத் தேய்ச்சிருக்கீங்க போல? அதான் பரவியிருக்கு. மத்தபடி ஸ்கூலுக்கு அனுப்பலாம், தூக்கலாம், கொஞ்சலாம். பிள்ளைய ஒதுக்கி வச்சிராதீங்க."

வீட்டுக்கு வந்து வேப்பிலையைப் பிடுங்கிப் போட்டேன். மதினியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நான் இத்தன நாளா யார் கால்ல விழுந்தேன்?" என்றார். மாடிக்குப் போய்விட்டார்.

ஜூன் 28, புதன்

அரைத்தது மதினி இல்லை, நான்தான். காய்ச்சல் இல்லாத அம்மை ஏது என்று இரண்டாம் நாளே எனக்குத் தோன்றியது. அம்மை என்றால் யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன். மூன்று வாரம் யாரும் வந்து குழந்தையை ஆராயவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஜூலை 2, ஞாயிறு

எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டேன். குழந்தைக்குத் தனித் துண்டு, தனி சோப்பு, தனி வாளி, தனிப் பாய். துணிகளைக் கொதிநீரில் போட்டு, டெட்டாலில் அலசி, தனிக் கொடியில் காயப்போடுகிறேன். திங்கள், வியாழன் நகம் வெட்டுதல். குளிப்பாட்டும்போது ஆய்வகத்துக் கையுறை. எதிலும் சுத்தம் முக்கியம். தட்டும் டம்ளரும் தனி.

"டாக்டர் தட்டத் தனியா வைக்கச் சொல்லலையே" என்றார் இவர்.

"தெரிஞ்சவ செய்யுறேன், விடுங்க" என்றேன்.

ஜூலை 5, புதன்

மதினி மாடியிலிருந்து இறங்குவதே இல்லை. துணி காயப்போடும்போது மட்டும் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "யாரு பெத்த பிள்ளையோ, எந்தச் சாதியோ. கால்ல விழுந்து கும்பிட வச்சிட்டியே வல்லி." நான் என்னவோ அவரை விழச் சொன்ன மாதிரி.

திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தட்டைத் தனியாக வைத்தவள் எந்த வாயால் கேட்பாள்?

ஜூலை 9, ஞாயிறு

குழந்தை இன்று கேட்டாள்: "அம்மா, நான் மறுபடி எப்ப ஆத்தா ஆவேன்?"

"ஆக மாட்ட. அது தப்பாச் சொன்னது. உனக்கு வந்திருக்கிறது வெறும் நோய்."

"ஆத்தாவா இருந்தா மாடி அத்தை வருவாங்க."

சாதமும் பருப்பும் பாதிதான் சாப்பிட்டாள்.

ஜூலை 15, சனி

இவருடைய கழுத்தில், காதுக்குக் கீழே, ஒன்று. உருண்டையாக, பளபளவென்று, நடுவில் குழியோடு.

நான் எத்தனை தடவை சொன்னேன், தூக்காதீர்கள், தூக்காதீர்கள் என்று. பள்ளிக்கூடத்திலிருந்து நான் வருவதற்குள் பால்வாடியிலிருந்து அவளைக் கூட்டிவந்து, தோளில் சாய்த்துத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறார். இது எத்தனை நாளாக நடக்கிறதோ. கண்ணாடியில் பார்த்துவிட்டு மனுஷன் சிரிக்கிறார்.

"என் மகளுக்கும் எனக்கும் ஒரே சாடைன்னு இனி ஒரு பய மறுத்துப் பேச முடியாது, பாத்தியா?"

 போய்க் கையைக் கழுவினேன். அவரைத் தொடக்கூட இல்லை, இருந்தும் கழுவினேன். கூடத்தில் அவருக்கும் ஒரு பாய் போட்டுவிட்டேன்.

ஜூலை 18, செவ்வாய்

எண்ணிக்கை நாற்பத்தொன்று. கன்னத்தில் இரண்டு.

ஆய்வகத்தில் ஒரு பெண் சோதனைக் குழாயை உடைத்துவிட்டாள். கண்டபடி திட்டினேன். அவள் அழுததும் எனக்கும் அழுகை வந்தது. வேதியியல் டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

ஜூலை 22, சனி

பியூலா மேடம் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் தட்டையும் டம்ளரையும் எங்கள் பாத்திரங்களோடு கலந்து வைத்தேன். பாயைச் சுருட்டினேன். கொடியை மட்டும் மறந்துவிட்டேன்.

நல்ல பெண்மணி. வந்ததும் குழந்தையை மடியில் உட்கார வைத்துக் கன்னத்தோடு கன்னம் ஒட்டிப் பேசினார், அந்த இரண்டு பருவின் மேலேயே. 

"இது ஒண்ணும் இல்லம்மா. இல்லத்துல பாதிப் பிள்ளைகளுக்கு வந்து போயிருக்கு" என்றார். பிறகு குழந்தையிடம், "அம்மா எப்படிப் பாத்துக்கிடுதாங்க?" என்று கேட்டார்.

"கை போட்டுக் குளிப்பாட்டுவாங்க" என்றாள்.

"கை போட்டா?"

"வெள்ளக் கை. கழட்டி வச்சிருவாங்க."

பியூலா மேடம் என்னைப் பார்த்தார். நோட்டைக் கேட்டார். வேறு ஒரு நோட்டைக் கொடுத்தேன். இட்லியும் தூக்கமும் மட்டும் எழுதியது. நேற்று உட்கார்ந்து முழுவதையும் எழுதி முடித்திருந்தேன்.

ஜூலை 26, புதன்

கலெக்டர் ஆபீஸிலிருந்து தேதி வந்துவிட்டது. ஆகஸ்ட் பதினெட்டு. அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

இவருக்குத்தான் இப்போது பிடிக்கவில்லை போலத் தெரிகிறது. பேசுவதில்லை. முகம் கொடுப்பதில்லை. கடைசி நேரத்தில் ஆண்களுக்கு இப்படித் தயக்கம் வரும் என்று படித்திருக்கிறேன்.

ஜூலை 27, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். பொய். அவர் பேசாமல் இருப்பது என்னிடம் மட்டும்தான். குழந்தையோடு பேச்சுக் குறைவில்லை.

நகம் வெட்டினேன். சுண்டுவிரலில் சதையோடு வெட்டிவிட்டேன். துளி ரத்தம். அவள் கத்தவில்லை. கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "ஒட்டிக்கும்மா, தொடாதீங்க" என்றாள்.

ஜூலை 30, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பருவால் இல்லை. பரு வருவதற்கு முன்னால், முதல் நாள், கையைப் பிடித்துப் படியேற்றும்போதே அந்தக் கை எனக்கு அந்நியமாக இருந்தது. பன்னிரண்டு வருடம் ஏங்கியவளுக்கு நெஞ்சு நிறைய வேண்டாமா? ஒன்றும் நிறையவில்லை. நாளாக நாளாக வந்துவிடும் என்று இருந்தேன். பிறகு பரு வந்தது. தொடாமல் இருக்க டாக்டரே ஒரு காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் தனியாக வைக்கச் சொன்னது துண்டை மட்டும்தான். வாளியும் பாயும் தட்டும் கொடியும் என்னுடைய ஏற்பாடு.

ஆத்தாவாக அவள் வேப்பிலை நடுவில் உட்கார்ந்திருந்த மூன்று வாரமும் கையுறை இல்லாமல்தான் பூசினேன். அப்போது மட்டும் கை கூசவில்லை. சாமியைத் தொட முடிந்தது, பிள்ளையைத் தொட முடியவில்லை. என்ன ஜென்மம் நான்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 3, வியாழன்

கிழிக்கவில்லை. இவரிடம் சொன்னேன், அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதைச் சொல்லவில்லை. நோயைச் சொன்னேன். "ஒரு வருஷம் ஆகும்னாங்க. என்னால முடியாது. என் உடம்பும் தாங்காது. இல்லத்துல இருந்தா நல்லாப் பாப்பாங்க."

"வல்லி, அது வெறும் பருதாண்டி."

"எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்?"

 அழுதேன். அவர் என் அழுகைக்கு எப்போதும் விட்டுக்கொடுத்துவிடுவார். டாக்டர்களிடம் அலைந்த வருடங்களில் பழகிக்கொண்டது. எனக்கு அது தெரியும், தெரிந்தேதான் அழுதேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

பியூலா மேடம் ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப்போனார். நாற்பது நிமிடம். நோயைப் பற்றியே பேசினேன். அந்த அம்மாள் கடைசியில், "நோய் போன பிறகும் உங்களுக்கு இதே எண்ணம் இருக்குமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியும்.

குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கும் படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். காரணம் என்ற இடத்தில் "குழந்தையின் தொடர் தோல் நோய்" என்று எழுதினேன். என் கையெழுத்து அங்கேயும் அழகாகத்தான் இருந்தது. இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு, குடிக்காமல் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலையில் இரண்டு இட்லி. பால் வேண்டாம் என்றாள்.

துணியெல்லாம் கொதிநீரில் போட்டுக் காயவைத்து மடித்துக் கொடுத்தேன். மதினி மாடிப்படியில் நின்று பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

இல்லத்து வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பியூலா மேடம் உள்ளே காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் முற்றத்துக் குழாயடியில் போய் நின்றுவிட்டார். குழந்தை என்னைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து கேட்டாள்.

"இது எல்லாம் சரியாயிட்டா என்னக் கூட்டிட்டுப் போயிருவீங்கள்ல?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு வார்த்தைதான்.

"ஆமா. ஒண்ணுகூட இல்லாமப் போகட்டும். மறுநாளே வந்துருவேன்" என்றேன்.

உடனே சட்டைக் கையைச் சுருட்டி எண்ண ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பத்து வரைதான் தெரியும். பத்து முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, சனி

தட்டு, டம்ளர், வாளி கழுவினேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இன்றைக்குத்தான் கலெக்டர் ஆபீஸ் தேதி. இவர் வேலைக்குப் போகாமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு எழுந்து சட்டையைக் கழற்றினார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

அவர் கழுத்தில் இப்போது மூன்று. டாக்டரிடம் போகலாம் என்றேன். "அதுவா போறப்ப போகட்டும்" என்றார். கூடத்துப் பாயை அவர் இன்னும் எடுக்கவில்லை. நான் விரித்துக் கொடுத்த பாய், நானே எடுக்கச் சொல்ல முடியவில்லை.

என் உடம்பில் ஒன்றும் வரவில்லை. தினமும் பார்க்கிறேன். ஒரே வீட்டில் எழுபத்தைந்து நாள் இருந்தும் ஒன்றுகூட எனக்கு ஒட்டவில்லை. ஒன்றாவது ஒட்டியிருக்கலாம்.

டிசம்பர் 2, சனி

மதினி மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது. மதினி தட்டில் வெற்றிலை, பழம், பூவோடு வந்து சொன்னார். வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்தப் பிள்ள தலையில கை வச்சு சரின்னுச்சு வல்லி" என்றார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே வாருங்கள் என்றுகூட நான் கூப்பிடவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

காலை பத்து மணி இருக்கும். துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பியூலா மேடத்தின் போன். ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

"நல்லா இருக்கீங்களாம்மா? ஒரு விஷயம் கேக்கணும். சங்கவிக்கு அந்தப் பரு பூராவும் போயிருச்சு. நாங்க ஒண்ணும் செய்யல, அதுவாவே போயிருச்சு. ஒரு தழும்புகூட இல்ல."

"சந்தோஷம் மேடம்."

"நேத்து ஆயாவக் கூப்பிட்டு, முதுகு, காலு எல்லாத்தையும் பாக்கச் சொல்லியிருக்கா. ஒண்ணும் இல்லன்னு சொன்னதும் துணிய எடுத்து வச்சிட்டா. இன்னிக்குக் காலையிலேயே குளிச்சு, தலசீவி, வாசல் கேட்டுப் பக்கத்துல வந்து உக்காந்திருக்கா. சாப்பிடக் கூப்பிட்டா வரல. அம்மா மறுநாளே வாரேன்னு சொன்னாங்கன்னு சொல்லுதா." குரலைத் தாழ்த்தினார். "அப்படி எதுவும் சொன்னீங்களாம்மா? நான் பிள்ளைகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

கையில் சோப்பு நுரை. போன் நழுவப் பார்த்தது.

"நான் ஸ்கூல்ல இருக்கேன் மேடம். அப்புறமாப் பேசுதேன்" என்றேன்.

 "சரிம்மா" என்று வைத்துவிட்டார். இன்று ஞாயிற்றுக்கிழமை என்று அவருக்கும் தெரியும்.